அண்ணன் பாட்டும் தம்பி மெட்டும்

பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் உறுமி மேளக் குழு ஒன்றை நடத்துகிறான். இளையவன் அதே குழுவில் பாடுகிறான். சொந்தமாகப் பாட்டும் கட்டுகிறான். திருவிழா, கலியாணம், காவடி என்று அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே போய் வந்தார்கள். இப்போது இளையவன், "இனி நான் தனியாகப் பாடப் போகிறேன், கோலாலம்பூர் போய் முறையாகச் சங்கீதம் படித்துச் சொந்தப் பாட்டு வெளியிடுவேன்" என்கிறானாம். மூத்தவனுக்குக் கோபம். "கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று என்னையே விட்டுப் போகிறான்" என்று தம்பியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு உண்பதில்லையாம்.

"ஐயா, நான் யார் பக்கம் பேசுவது? அண்ணனை விட்டுத் தனியாகப் போனவன் நன்றாக இருந்த கதை உண்டா? இருந்தால் வானொலியில் சொல்லுங்கள். இரண்டு பேரும் கேட்கட்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, அப்படி ஒரு கதை உண்டு. அது கற்பனைக் கதை அன்று, நடந்த வரலாறு. அதுவும் தோட்டத்து மக்களுக்கு நடுவிலே தொடங்கிய வரலாறு. தம்பியின் பெயரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அண்ணனின் பெயரை அறிந்தவர் குறைவு. ஆகவே இன்று அண்ணனிடமிருந்தே தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பண்ணைப்புரம் என்பது ஒரு சிற்றூர். முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1996இல் தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அதில் சேர்ந்தது. ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைக்கு அப்பால் தேவிகுளம், பீருமேடு, மூணாறு. அங்கெல்லாம் தேயிலையும் ஏலக்காயும் விளையும் பெருந்தோட்டங்கள்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளைச் சேர்ந்த வேறு பலர் கால்நடையாக அந்த மலைகளில் ஏறினார்கள். அங்கும் கங்காணி உண்டு. அங்கும் லயம் உண்டு. அங்கும் விடியுமுன் எழுந்து பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் வழக்கம் உண்டு. இங்கே பால்மரம், அங்கே தேயிலை, வேறுபாடு அவ்வளவுதான்.

பண்ணைப்புரத்தில் இராமசாமி என்பவர் வாழ்ந்தார். மலைத் தோட்டத்தில் கங்காணி வேலை பார்த்தவர் என்பர். அவருடைய மூத்த மகன் வரதராசன். இளைய தாரமான சின்னத்தாயம்மாளுக்குப் பிறந்தவர்கள் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகியோர். வரதராசன் ஆர்மோனியம் வாசிப்பார். நல்ல குரல்வளம் உடையவர். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவார். அதனால் மக்கள் அவரைப் 'பாவலர்' என்று அழைத்தார்கள். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் அவர் பாடினார். படிப்பறிவு இல்லாத கூலி மக்களுக்கு அரசியல், கூலி, கடன், நிலம் ஆகியவற்றைப் பாட்டாலேயே விளக்கினார். தாமே எழுதி, தாமே பாடி, ஓர் ஆர்மோனியப் பெட்டியுடன் ஊர் ஊராய்ப் போகும் கலைஞராக அவர் வாழ்ந்தார்.

அவர் பாட்டுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதை அறிய, 1958ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்தது. ஆயினும் அவை கேரளத்திலேயே வைக்கப்பட்டன. 1957இல் நடந்த முதல் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வென்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சரானார். 126 இடங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 60. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவால்தான் ஆட்சி நின்றது. இந்த நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 மே மாதத்தில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. ஒவ்வோர் இடமும் பொன்னாக எண்ணப்பட்ட நேரம் அது.

வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளத்தில் பேசினால் அவர்கள் நெஞ்சைத் தொடாது. நீண்ட சொற்பொழிவு ஆற்றினால், பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்தவர்கள் உறங்கிப் போவார்கள். அங்கேதான் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் போய்ச் சேர்ந்தார். மலை மலையாய் ஏறி, லயம் லயமாய்ப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று இன்றளவும் பேசப்படுகிறது.

வரலாறு என்றால் முழுவதையும் சொல்லவேண்டும். அதே 1958ஆம் ஆண்டில், அதே ஆட்சியில், மூணாறு தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் தொழிலாளர் இருவர் மாண்டனர். பாட்டு வாக்கைச் சேர்க்கலாம். கூலியும் நியாயமும் அதனால் மட்டும் வந்துவிடுவதில்லை. ஆனாலும் களைத்துக் கிடந்த மக்களை எழுந்து உட்காரச் செய்தது பாட்டுத்தான் என்பதை மறுக்க முடியாது.

பாவலர் எப்படிப் பாட்டுக் கட்டினார்? அந்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் தம்பி செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

மக்களுக்கு முன்பே தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். அது அந்நாளில் எல்லோர் வாயிலும் இருந்த சினிமாப் பாட்டாக இருக்கலாம். நாற்று நடவில் பாடும் பாட்டாகவும் இருக்கலாம். அந்த மெட்டுக்குள் அன்றைய செய்தியைப் புகுத்துவார். மெட்டு பழக்கமானதால் சொல் நேரே மனத்தில் போய் உட்காரும். ஒருமுறை கேட்டவர் மறுநாள் வேலைக்காட்டில் தாமே பாடுவார். அச்சடித்த துண்டறிக்கை கிழிந்துபோகும். நாவில் ஏறிய பாட்டோ அடுத்த தோட்டம் வரை நடந்து போகும்.

இந்த வழி பாவலர் ஒருவர் மட்டும் கண்ட வழி அன்று. பாட்டாளிகள் இருந்த நாடுகளிலெல்லாம் இது தோன்றியிருக்கிறது. சுவீடன் நாட்டில் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போன ஜோ ஹில் என்ற தொழிலாளி, தேவாலயத்தில் எல்லோரும் பாடும் மெட்டுகளை எடுத்து, வேலையில்லாதவர்களையும் நாடோடிக் கூலிகளையும் பற்றிய சொற்களை அவற்றில் வைத்துப் பாடினார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1915இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாடல்களைத் தொழிற்சங்கத்தார் சிறிய பாட்டுப் புத்தகமாக அச்சிட்டுப் பரப்பியிருந்தபடியால் அவை நிலைத்தன.

இலங்கை மலையகத்தையும் எண்ணிப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் தாமே கட்டிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். பெண்கள் மேடையேறத் தயங்கிய காலம் அது. பின்னர் அதே மலையகத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் வாயில் வழங்கிய பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அச்சில் ஏறியவை பிழைத்தன. ஏறாதவை, பாடிய பாட்டிகளோடு மறைந்தன.

இனி மறுபடியும் பண்ணைப்புரத்துக்குத் திரும்புவோம்.

1943இல் பிறந்த தம்பி இராசையாவுக்கு அண்ணனின் ஆர்மோனியத்தின்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அண்ணன் தொட விடமாட்டார். பிழைப்புக்குரிய கருவியாயிற்றே, பிள்ளைகள் கையில் கெட்டுவிடும் என்ற அச்சம். தொட்டால் புறங்கையில் பிரம்படி விழும். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டதை அந்தத் தம்பி பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு.

பதினான்கு வயதளவில் அவர் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். குழுவுக்குப் 'பாவலர் சகோதரர்கள்' என்று பெயர். குரல் உடையாத பருவத்தில் பெண்குரலில் பாடினார். பிறகு ஆர்மோனியமும் வாசித்தார். சுமார் பத்து ஆண்டுகள் தென்னாட்டின் ஊர்களிலெல்லாம் அந்தக் குழு பாடியது. பந்தலில் பாடினார்கள், முச்சந்தியில் பாடினார்கள், தோட்டத்து வாசலிலும் பாடினார்கள். கேட்பவர் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எந்த இடத்தில் கூட்டம் தலையசைக்கிறது, எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறது என்பது பாடுகிறவனுக்கு அப்போதே தெரிந்துவிடும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பாடம் அது. அந்தப் பாடத்தைத் தம்பிக்குக் கொடுத்தவர் அண்ணன்.

1964 மே 27ஆம் நாள் பண்டித நேரு மறைந்தார். கவியரசு கண்ணதாசன் அவர் நினைவாக இரங்கற்பா ஒன்று எழுதினார். தம்பி அதற்குத் தாமே மெட்டு அமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பு.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதுவரை அந்தக் குழு செய்துவந்தது என்ன? பழைய மெட்டு, புதிய சொல். தம்பி செய்தது என்ன? எழுதிய சொல், புதிய மெட்டு. அண்ணனின் வழியை அப்படியே திருப்பிப் போட்டார். தம்பி பெட்டி கட்டி ஊரைவிட்டுப் புறப்பட்டது பின்னால் நடந்தது. தனிவழி தொடங்கியதோ இந்த மெட்டுப் பிறந்த அன்றுதான். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் அவர் அண்ணனின் குழுவில் வாசித்தார் என்பதையும் மறக்கக்கூடாது. சொந்த மெட்டு வந்துவிட்டது என்பதற்காகக் குழுவை அன்றே உதறிவிடவில்லை.

இரவல் மெட்டில் ஒரு குறை உண்டு. படம் மறந்தால் மெட்டு மறக்கும். தேர்தல் முடிந்தால் சொல்லும் மறக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே கொடுத்துவிட்டுப் போகும் பாட்டு அது. காலம் கடந்து நிற்க வேண்டுமானால் மெட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அதைக் குறித்து வைக்கும் கல்வியும் வேண்டும். அந்தக் கல்வி பண்ணைப்புரத்தில் இல்லை, சென்னையில்தான் இருந்தது.

1968இல் அவர் சென்னையில் இசை படிக்கத் தொடங்கினார். சென்னைக்குப் போகக் கையில் காசு வேண்டுமே? தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார் என்று மகன் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்நாளில் ஓர் ஏழை வீட்டில் வானொலிப் பெட்டி என்றால் என்ன மதிப்பு என்பது, கூலி நாளன்று காசு கட்டி வானொலி வாங்கிய நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். பாட்டுக் கேட்கும் பெட்டியை விற்றுத்தான், பாட்டுப் படைக்கும் மகனை அந்தத் தாய் அனுப்பினார்.

சென்னையில் கதவுகள் உடனே திறந்துவிடவில்லை. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்தான் மேல்நாட்டு இசையை எழுதவும் படிக்கவும் கற்றுத் தந்தவர். பத்து ஆண்டு மேடையில் கைதட்டல் வாங்கிய இளைஞர், அரிச்சுவடி படிக்கும் பிள்ளையைப் போல மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை அஞ்சல் வழியே எழுதி, கிதார் வாசிப்பில் தங்கப் பதக்கம் பெற்றார்.

வயிற்றுப் பாட்டுக்குப் பிறருடைய இசைக்குழுக்களில் கிதார் வாசித்தார். சலீல் சௌத்ரி என்னும் வங்க இசையமைப்பாளரிடம் வாசித்தது அவற்றில் ஒன்று. சலீல் சௌத்ரியின் இளமைக் காலமும் ஒரு தோட்டத்தில்தான் கழிந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராயிருந்தவரின் மகன் அவர். தொழிலாளர் பாட்டையும் தந்தையார் சேர்த்து வைத்திருந்த மேல்நாட்டு இசைத்தட்டுகளையும் ஒருங்கே கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் உழவருக்காகப் பாட்டுக் கட்டியவர். தோட்டத்து இசை தாழ்ந்தது அன்று என்பதற்கு அவரும் ஒரு சான்று.

அடுத்து, கன்னடப் படங்களுக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளரானார். பிறர் பெயரில் வெளிவந்த எத்தனையோ படங்களுக்குப் பின்னால் இருந்து உழைத்தார். இவ்வாறு எட்டு ஆண்டுகள் கழிந்தன.

1976இல் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' என்ற படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. கிராமத்துக் கதை. முதல் பாட்டுப் பதிவின்போது மின்சாரம் நின்றுபோய், அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். படமோ பெரும் வெற்றி பெற்றது. பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. தன்ராஜ் மாஸ்டர் 'ராஜா' என்று அழைத்த இராசையாவுக்கு, ஏ.எம். ராஜா என்ற புகழ்பெற்ற பாடகர் முன்பே இருந்தமையால், பஞ்சு அருணாசலம் 'இளையராஜா' என்று பெயர் வைத்தார்.

ஆம் நேயர்களே, பாவலர் வரதராசனின் தம்பி அந்த இளையராஜாதான்.

அன்னக்கிளியின் வெற்றிக்கு என்ன காரணம்? மேல்நாட்டு இசையை முறையாகப் படித்துத் திரும்பியவர், அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வயற்காட்டுப் பாட்டைத்தான் எடுத்தார். நடவுப் பெண்களின் குரலும் தாலாட்டின் அசைவும் அதில் இருந்தன. நம் தோட்டங்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். திரையில் பாட்டு வந்ததும், "இது நம்ம வீட்டுப் பாட்டுப்போல இருக்கிறதே" என்று ஒரு நெருக்கம் தோன்றும். தனியே போனவர், பாவலர் குழுவோடு ஊர் ஊராய்க் கேட்ட பாட்டையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டே போயிருந்தார்.

ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க அண்ணன் இல்லை. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், ஐந்து தேசிய விருதுகள், 2018இல் பத்ம விபூஷண். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில், தாம் எழுதிய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். மலையடிவாரத்து ஆர்மோனியத்திலிருந்து இலண்டன் மேடை வரை போன பயணம் அது.

தனியே போனதால் குடும்பம் உடைந்ததா? அதையும் பார்ப்போம். தம்பி அமர்சிங், கங்கை அமரன் என்ற பெயரில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கினார். மற்றொரு சகோதரர் பாஸ்கர் படத்தயாரிப்பில் இறங்கினார். அந்த நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. 1981இல் பாரதிராஜா இயக்கத்தில் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அந்நிறுவனத்தின் படம். அண்ணன் பெயரைத் தம்பிமார் திரையில் எழுதிக் காட்டினார்கள்.

ஆயினும் நம் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி இருக்கிறது. இளையராஜாவின் பாட்டு வேண்டுமென்றால் இன்று ஒரு நொடியில் கேட்கலாம். பாவலர் வரதராசன் தேவிகுளத்து லயங்களில் பாடிய பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே போவது? இசைத்தட்டு நிறுவனங்கள் தேடிப் போகாத பாடகர் அவர். அவர் குரல் பெரும்பாலும் கேட்டவர்களின் நினைவிலேயே தங்கிற்று. ஒரு தேர்தலைத் திருப்பிய குரல், பதிவு இல்லாததால் நம் காதுக்கு எட்டவில்லை.

நேயர்களே, இந்த இழப்பு நமக்கும் உரியது.

மலாய் மொழியில் தெங்காரா என்றால் தென்கிழக்கு. 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் திட்டத்தில், காட்டைத் திருத்தி எழுப்பப்பட்ட புதிய ஊர் பண்டார் தெங்காரா. சுற்றிலும் செம்பனை. ஊருக்குத்தான் வயது குறைவு. அங்கேயும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் கொண்டுவந்த பாட்டுக்கு வயது அதிகம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேலி செய்து பாடியவர்கள் இருந்தார்கள். மங்கு துடைத்துக்கொண்டே மரத்துக்கு மரம் பாடிப் போன பெண்கள் இருந்தார்கள். ஆயாக் கொட்டகையில் பிறர் பிள்ளைக்கும் தாலாட்டுப் பாடிய கிழவிகள் இருந்தார்கள். கப்பலில் வந்த கதையையும், கங்காணியின் கணக்கையும், சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத கணவனையும் ஒப்பாரியாகப் பாடியவர்கள் இருந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் அடுக்குமாடி வந்தது. பாட்டு மட்டும் எங்கே போயிற்று?

இதை எடுத்து வைக்கப் பெரிய கலைக்கூடம் தேவையில்லை. கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. பாட்டி பாடும்போது பிள்ளைகள் பதிந்துகொள்ளலாம். யார் பாடினார், எந்தத் தோட்டத்தில் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது என்ற மூன்றையும் ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். அந்த எழுத்து நாளை வரலாறாகும்.

இனி, கடிதம் எழுதிய அம்மாவுக்கு நம் பதில்.

அம்மா, நீங்கள் ஒருவர் பக்கம் பேசவேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய தம்பிக்கு நாம் சொல்வது இது. உங்கள் குழு ஒரு பள்ளிக்கூடம். அதில் படித்தவன் வெளியே போய் நன்றாகப் பாடினால் அது பள்ளிக்கூடத்துக்குத்தான் பெருமை. பாவலர் சகோதரர்கள் குழு இல்லையென்றால் இளையராஜா இல்லை. நீங்கள் கற்றுக்கொடுத்ததை அவன் திருப்பிக் கொடுக்க முடியாது. எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும். அதோடு, உங்கள் குழுவின் பாட்டுகளையும் இப்போதே முறையாகப் பதிந்து வையுங்கள்.

சின்னத் தம்பிக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. புறப்படுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் கையில் சொந்த மெட்டு இருக்கிறதா? இருந்தால் போங்கள். இல்லையென்றால் அண்ணனோடு இன்னும் சில காலம் இருந்து அதைத் தேடுங்கள். போனபின் உடனே பெயர் கிடைக்காது. இளையராஜாவுக்கே எட்டு ஆண்டு ஆயிற்று. அந்த ஆண்டுகளில் அவர் படித்தார், பிறருக்கு வாசித்தார், காத்திருந்தார். உங்கள் பாட்டை யாருக்காவது கொடுக்கும்போது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். தம் பாட்டின் உரிமைக்காக இளையராஜா பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது. முதல் பாட்டு வெளிவரும் நாளில், அதை முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் அண்ணன். இளையராஜாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. உங்களுக்கு இருக்கிறது. சண்டை போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு, அம்மா, நாம் சொல்லித் தர ஒன்றும் இல்லை. சின்னத்தாயம்மாளைப் போல வீட்டுப் பொருளை விற்க வேண்டிய காலமும் இது அன்று. இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும், உங்கள் தாயார் உங்களுக்குப் பாடிய பாட்டு ஒன்றைப் பாடுங்கள். பெரியவன் தாளம் போடட்டும். சின்னவன் கைப்பேசியில் பதியட்டும்.

அந்தப் பதிவை நமக்கும் அனுப்பி வையுங்கள். வானொலியில் எல்லோருமாகக் கேட்போம்.